இரண்டு கரையிலும் இருந்த பசிலிசா

எங்கள் சான் மெலேசியோவின் வரைபடத்தை முனிசிபல் கட்டடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். பச்சை பூசியது மலை. நீலக் கோடு பாலிதாங் ஆறு. நடுவில் கறுப்புப் புள்ளிகளாகக் கிராமங்கள். அதை வரைந்தவர் எங்கள் ஆற்றில் ஒரு நாளும் கால் நனைத்திருக்க மாட்டார். நனைத்திருந்தால் அதை ஒரே கோடாகப் போட்டிருக்க மாட்டார். வருடத்துக்கு ஓர் இடத்தில் ஓடுகிற ஆறு அது. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே, ஆறு போனால் போகிறதென்று விட்டுவைத்த மண்ணில்தான் நாங்கள் புகையிலையும் பூண்டும் போடுகிறோம். படத்துக்குப் பக்கத்தில் மக்கள்தொகைப் பலகை ஒன்று. அதில் எண் ஏறி நான் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளைகளை ஹவாய்க்கும் மணிலாவுக்கும் அனுப்பிவிட்டால் எண் எப்படி ஏறும்?

நான் தெயோதுலோ. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தேவையானது எதுவும் இருக்கவில்லை. மாடு இழுக்க முடியாத மேட்டுக்கு நெல் அரைக்கும் மில்லைத் துண்டு துண்டாகத் தோளில் ஏற்றியவன். என் லாரிகள் ககயான் பள்ளத்தாக்கு வரை போய்ச் சோளம் ஏற்றி வருகின்றன. கவயான் கிராமத்துக்கு நான் தலைவனாக இருந்த காலத்தில் எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. இன்றும் எல்லாரும் என்னைக் கப்பித்தான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பதவி போய் எத்தனையோ வருடமாகிறது, பெயர் போகவில்லை.

பசிலிசா போன வருடம் இறந்தாள். மேயர் இறந்தால் பாதிரியார் நாலு பக்கம் எழுதி வாசிப்பார். பசிலிசாவுக்கு எழுத ஆள் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்துவாள். விஷயத்தில் பிழை வராது, ஏனென்றால் பெரும்பாலும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவள் பழைய கவயானில், ஆற்றோரத்தில் பிறந்தாள். அப்போது அது பழைய கவயான் இல்லை, வெறும் கவயான். மூங்கில் புதருக்குள் ஒளிந்திருக்கிற வீடுகள், ஒரு சின்னக் கோவில், புகையிலை பதப்படுத்தும் சூளைகள். பசிலிசா என் சூளையில் இலை கோத்தாள். கையும் ஓடும், வாயும் ஓடும். எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும், பெரும்பாலும் என்னைப் பற்றியதாக இருக்கும்.

நான் மில் வாங்கி ஓட்டிய முதல் நாள் ஊரே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, "மனோங், இது நெல்லை அரைக்குதா, ஊர்க்காரங்க காதை அரைக்குதா?" என்றாள். மனோங் என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன், மனாங் என்றால் அக்கா.

"உன் வாயை அரைக்க ஏதாவது கிடைக்குமான்னு பாக்கறேன்."

"அதுக்கு மணிலாவுல ஆர்டர் குடுக்கணும். இந்த மிஷின் தாங்காது."

அவளை அடக்கின ஒரே ஆள் அவள் புருஷன் கிறிஸ்புலோ. அதுவும் பேசி அடக்கவில்லை. அவன் பேசுகிறவனே அல்ல. மூங்கிலைத் தெப்பமாகக் கட்டி, ஆற்றோடு கடற்கரைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிற தெப்பக்காரன். வாழ்நாள் முழுக்க ஒரே பக்கமாகக் கழி ஊன்றியதில் இடது தோள் இறங்கி இருக்கும். அவள் கத்துவாள், அவன் "ம்" என்பான். கைப்பிடி உடைந்த ஒரு தகரக் குவளையில்தான் தண்ணீர் குடிப்பான். புதுக் குவளை வாங்கிக் கொடுத்தால் அதைப் பூச்செடிக்கு வைத்துவிடுவான். எர்லிந்தா என்று ஒரே பெண். அவர்கள் வீட்டில் வேறு கதை இல்லை, அந்தப் புயல் வரும்வரை.

புயலுக்கு இரண்டு நாள் முன்னால் கிறிஸ்புலோ வேறு இரண்டு பேரோடு தெப்பத்தில் இறங்கினான். வானம் சரியில்லை என்று பசிலிசா சொன்னாள். அவன் "ம்" என்றான். அதற்குப் பிறகு வந்த மழையை நான் எழுதப்போவதில்லை. இங்கே எல்லாருக்கும் அது தெரியும். தண்ணீர் வடிந்தபோது அந்த இரண்டு பேரின் உடல்களும் மணலில் கிடைத்தன. கிறிஸ்புலோ கிடைக்கவில்லை. தேட நான்தான் ஆள் கூட்டிப் போனேன். முகத்துவாரம் வரை ஒரு புதர் விடாமல் தேடினோம்.

கிடைக்காத ஆளைப் பற்றி ஊர் சும்மா இருக்குமா? சந்தையில் பார்த்ததாக ஒருவன். பள்ளத்தாக்கில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவதாக இன்னொருவன். பசிலிசா இருவரிடமும், "பாத்தா சாப்பாட்டுக்கு வரச் சொல்லு" என்றாள். அப்போது அவள் வாய் அவளிடம்தான் இருந்தது.

அந்தப் புயலில் ஆறு இரண்டாகப் பிளந்து கவயானை நடுவில் விட்டுவிட்டது. முன்பு மலைப்பக்கம் சேர்ந்திருந்த ஊர், இப்போது தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றது. அடுத்த மழைக்கு இருக்கிற வீடும் இருக்காது என்று அரசாங்கம் எங்களுக்கு மேட்டில் இடம் கொடுத்தது. அதுதான் மேல் கவயான். குடியேற்றத்துக்கு லாரி கொடுத்தவன் யார் என்று கேட்டால் குழந்தையும் சொல்லும். புதுக் கிளையில் அப்போது முழங்கால் தண்ணீர்தான், லாரி இறங்கி ஏறியது.

குடி மாறுகிற அன்று நாங்கள் செய்கிற ஒன்று இருக்கிறது. ஆற்றில் குளித்துக் கரையேறினாலும் செய்வோம், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பினாலும் செய்வோம். உடம்பு எழுந்து நடந்துவிடும். உள்ளுயிர் பராக்குப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அதனால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "இந்தாயோன்" என்போம். வா, போகலாம் என்று அர்த்தம். வீட்டுக்கு ஒரு பெண், கடைசி மூட்டை லாரியில் ஏறியதும், விட்டுவிட்டுப் போகிற வாசலைப் பார்த்து நின்று தன் வீட்டார் பெயரையெல்லாம் சொல்லிக் கூப்பிடுவாள். அன்று காலையில் ஆற்றங்கரை முழுக்கப் பெயர்களாக இருந்தது. மூங்கிலுக்குள்ளிருந்து ஒவ்வொரு பெயராக எதிரொலித்துத் திரும்பி வந்தது. நான் எதற்கும் கலங்காதவன். அன்று மட்டும் லாரியின் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பசிலிசா கடைசியாக நின்றாள். "எர்லிந்தா, இந்தாயோன். வா, போலாம். இங்க தங்கிடாத" என்றாள். மாட்டைக் கூப்பிட்டாள். நாயைக் கூப்பிட்டாள். அடுத்து வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்து லாரியில் ஏறிக்கொண்டாள். கிறிஸ்புலோவைக் கூப்பிட முடியவில்லை, பாவம் என்று நினைத்தேன். நான் நினைத்தது பாதிதான் சரி.

மேட்டுக்கு வந்த பிறகு அவளைப் பார்த்தவர்களுக்கு வேறு யாரையோ பார்க்கிற மாதிரி இருந்தது. நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை. நான் வேண்டுமென்றே அவள் முன்னால் நின்று என் புதுச் சிமெண்ட் தரையைப் பற்றிப் பெருமையடித்தேன். "நல்லாருக்கு, கப்பித்தான்" என்றாள். பசிலிசா என்னிடம் நல்லாருக்கு என்று சொன்னது அதுதான் முதல் முறை.

அவள் சமைத்ததில் உப்பு இருக்காது. முருங்கைக்கீரைக் குழம்பில் நாங்கள் போடுகிற மீன் உப்புச் சாந்தை அவள் மறந்தே போனாள். எர்லிந்தா போட்டுக் கொடுத்தாலும், "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்பாள். வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் கை குளிர்ந்திருக்கும்.

இதற்கிடையில் மேட்டிலிருந்து பார்த்தால் பழைய கவயானில் புகை தெரிய ஆரம்பித்தது. சமையல் நேரத்துக்குச் சமையல் புகை. மீன் பிடிக்கப் போனவர்கள், யாரோ ஒரு பெண் கரையில் துணி துவைப்பதாகச் சொன்னார்கள். புயலில் போன யாரோ ஒருத்தியாக இருக்கும் என்று மெழுகுவத்தி ஏற்றினார்கள். நான் ஏற்றவில்லை. "மூங்கில் உரசினா புகை வரும். கொக்கு நின்னா பொம்பளை மாதிரி தெரியும்" என்று சொன்னேன். நான் சொன்னால் ஊர் அடங்கும். அடங்கியது.

அடுத்த கோடைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆள் வந்தது. ஜொவெலின் என்று ஒரு பெண், கீழே நகரத்துப் பக்கம். எங்கள் ஊரில் ஒருவரையும் தெரியாது. பழைய கவயானில் யாரும் இல்லை என்று நானே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை. கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டுமாம். காலையில் ஒரு மீனவனோடு தெப்பத்தில் அனுப்பி வைத்தேன். மத்தியானம் அவளுக்கு என் வீட்டில் சாப்பாடு. அதற்கு உதவ என் மனைவி மக்சிமா, பசிலிசாவைக் கூப்பிட்டிருந்தாள். விடிந்ததிலிருந்து பசிலிசா என் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் போகும்போதும் வரும்போதும் அவளைத் தாண்டித்தான் போனேன். இதை அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஜொவெலின் வெயிலில் சிவந்து வந்து சேர்ந்தாள். "கப்பித்தான், யாருமே இல்லைன்னீங்க. ஒரு வீட்டுல ஆள் இருக்கே."

"இருக்காதே."

"இருக்காங்க. வாசல் பெருக்கிட்டு இருந்தாங்க. தண்ணி கேட்டேன், குடுத்தாங்க. பேர் கேட்டா சிரிக்கிறாங்க. வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டேன். அவர் வந்தப்புறம் சொல்றேன், கொஞ்சம் பொறுன்னாங்க. நானும் பொறுத்துப் பாத்தேன், யாரும் வரல."

"மீனவன் பாத்தானா?"

"அவன் தெப்பத்தை விட்டே இறங்கல."

அப்போது பசிலிசா பூண்டுத் தோலைக் கொட்ட வெளியே வந்தாள். ஜொவெலின் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "இதோ. மனாங், எனக்கு முன்னாடி எப்படி வந்தீங்க? வேற வழி இருக்கா?"

மக்சிமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் காலையிலேருந்து இங்கதான இருக்கேன்" என்றாள் பசிலிசா. குரலில் ஆச்சரியமே இல்லை. பிறகு, "தண்ணி எதுல குடுத்தேன்?" என்று கேட்டாள். குடுத்தாள் என்று கேட்கவில்லை. குடுத்தேன் என்று கேட்டாள்.

"ஒரு தகரக் குவளை. கைப்பிடி இல்லாதது."

பசிலிசா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "அதை இன்னும் வெச்சிருக்கேனா" என்றாள்.

அன்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஜுரம் இல்லை. மூச்சு மட்டும் நாளுக்கு நாள் மேலோட்டமாகப் போனது. எர்லிந்தா, எங்கள் வைத்தியர் சிக்ஸ்தோவைக் கூட்டி வந்தாள். அவர் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "இங்க பாதி ஆள்தான் இருக்கு. மிச்சத்தைக் கூட்டிட்டு வரலைன்னா மழைக்கு முன்னாடி இதுவும் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டி வருவதற்கு நோயாளி உடுத்திய துணியும் ஒரு பிடி அரிசியும் எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலேயே போய்ப் பெயர் சொல்ல வேண்டும்.

எர்லிந்தா நேராக என் மில்லுக்கு வந்தாள். தாயைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி நடப்பவள், அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கப்பித்தான், நான் கேட்டுட்டேன். எங்கம்மா அன்னிக்குத் தன் பேரைக் கூப்பிடவே இல்லையாம். எங்கப்பாவையும் கூப்பிடல, தன்னையும் கூப்பிடல. வேணும்னே."

நான் போனேன். பசிலிசாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன வேலை?" என்று கேட்டேன்.

"அவரைக் கூப்பிட முடியாது, மனோங். யோசிச்சுப் பாருங்க. செத்திருந்தா, கூப்பிட்டா வந்துருவார், சரி. உயிரோட எங்கயாவது இருந்தா? இங்க நான் பேரைச் சொன்னா அங்க உடம்பு வெறும் கூடாப் போயிடும். நானே கொன்ன மாதிரி ஆயிடும்."

"சரி, அவனை விடு. உன்னை ஏன் விட்டுட்டு வந்த?"

"அவர் வந்து பாத்தா வீட்டுல யாராவது இருக்கணும்ல."

எழுந்து நின்று, "மில்லை ஏத்தினவனுக்கு உன்னை ஏத்த முடியாதா? நாளைக்குப் போறோம்" என்றேன்.

எர்லிந்தா அவளைத் தூக்கி வந்து தெப்பத்தில் உட்கார வைத்தாள். பஞ்சு மாதிரி இருந்தாள். கழியை நானே பிடித்தேன். மீனவர்கள் ஒருவரும் வரவில்லை. உச்சி வெயில். ஆற்றில் காற்றே இல்லை. எங்கள் மூன்று பேரின் பாரத்துக்குத் தெப்பத்தின் மேல் மூங்கில் காய்ந்தே இருந்தது. என் செருப்பு நனையவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கவயானில் வாழை காடாகியிருந்தது. கோவில் கூரை உட்கார்ந்து போயிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கோரைப் புல். பசிலிசாவின் வாசல் மட்டும் பெருக்கியிருந்தது. விளக்குமாற்றுக் கோடு மண்ணில் புதிதாகத் தெரிந்தது. பானையில் தண்ணீர் நிறைந்திருந்தது. குவளை பானை மூடியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் எல்லாமே சூடாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எர்லிந்தா தாயின் பழைய சட்டையை விரித்துப் பிடித்து, அரிசியைத் தூவி, "பசிலிசா, இந்தாயோன்" என்று கூப்பிட்டாள். தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்குக் கூச்சம்தான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். சட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை.

"அவ வரமாட்டா" என்றாள் பசிலிசா, வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல. "எனக்குத் தெரியாதா அவளை. அவரை விட்டுட்டு வரமாட்டா."

எர்லிந்தா சட்டையைக் கீழே போட்டாள். "அப்ப அப்பாவையும் கூப்பிடு, நானாங்."

"உயிரோட இருந்தா?"

"உயிரோட இருந்தா ஏன் வரல? கால் இல்லையா, ஜீப்னி வண்டி இல்லையா? யாரோ ஒருத்தி வீட்டுல உக்காந்து தின்னுட்டு இருந்தா, தின்னும்போதே விழட்டும். நீ சாகற, உனக்குத் தெரியுதா? எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்."

பசிலிசா மகளையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பல் தெரிந்தது. "என் வாய் உனக்கு வந்துருச்சு" என்றாள். என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போய் அந்தக் குவளையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் நின்று, எந்தப் பக்கமும் பார்க்காமல், சாப்பிடக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

"கிறிஸ்புலோ, இந்தாயோன். வா, போலாம். இங்க யாரும் இல்ல. தங்கிடாத."

பிறகுதான், "பசிலிசா, நீயும் வா" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததாக நான் சொன்னால் பொய். வாழைத் தோப்புக்குள் எதுவோ பட்டென்று முறிந்தது. வாழை முறிகிற காலம்தான் அது. கரைக்கு வந்து ஏறினோம். நான் கழியை ஊன்றினேன், தெப்பம் நகரவில்லை. தரை தட்டியிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். தரை இல்லை, நல்ல ஆழம். மூங்கில் இடுக்கில் தண்ணீர் ஏறி என் கணுக்காலை நனைத்துக்கொண்டிருந்தது. நான் வாழ்நாளெல்லாம் பாரம் ஏற்றியவன். மூட்டை ஏறினால் தெப்பம் எவ்வளவு தாழும் என்று என் காலுக்குத் தெரியும். அது மூன்று பேர் பாரம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்.

நான் திரும்பிப் பார்க்காமல் கழி போட்டேன். என் தோள் அன்று வலித்த மாதிரி மில் ஏற்றிய அன்றும் வலிக்கவில்லை. பாதி ஆற்றில் எர்லிந்தா, "கப்பித்தான், கால் நனையுது" என்றாள். "வாயை மூடிட்டு உக்காரு" என்றேன்.

மேட்டுக்கு வந்ததும் பசிலிசா சோறு கேட்டாள். மக்சிமா கீரைக் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "மக்சிமா, ஊர்ல உப்பு தீந்து போச்சா? மில்லுக்காரர் வீட்டுலயே இப்படியா?" என்றாள். எர்லிந்தா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். நான் வெளியே போய் லாரிக்கு டயர் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பழைய கவயானில் யாரும் புகை பார்க்கவில்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த மழைக்காலம் முடிந்து என் லாரி ஓட்டுகிற நெஸ்தோர் பள்ளத்தாக்கிலிருந்து வந்து, ஒரு வீட்டில் கிறிஸ்புலோ சாயலில் ஓர் ஆளைப் பார்த்தேன் என்றான். கைகால் நன்றாக இருக்கிறது, பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றான். யாரிடமும் சொல்லாதே என்று அவனிடம் சொல்லிவிட்டு, அடுத்த நடைக்கு நானே வண்டியை எடுத்தேன்.

சோளக் காட்டுக்கு நடுவில் ஓட்டு வீடு. முற்றத்தில் ஒரு பெண் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். நல்ல முகம். அவளுக்குப் பின்னால், மாமரத்தடியில், எங்களுக்கு முதுகு காட்டி ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"சோளம் இருக்கா?" என்றேன்.

"வித்தாச்சு, மனோங். உக்காருங்க, தண்ணி தரேன்."

"அது யாரு?"

"எங்க வீட்டுக்காரர். காது கேக்கும், பேச மாட்டார்."

"பிறந்ததுலேருந்தா?"

"இல்லையே. புயலப்போ ஆத்துல அடிச்சுட்டுப் போய்க் கடலோரத்துல கிடந்தாராம், யாரோ லாரியில ஏத்திட்டு வந்து இங்க விட்டாங்க. பேரு ஞாபகம் இல்லைன்னார், நான்தான் ஒரு பேரு வெச்சேன். நல்லாத்தான் இருந்தார், எல்லா வேலையும் பாப்பார். குருத்தோலை ஞாயிறுக்கு முன்னாடி ஒரு நாள், மத்தியானம் சாப்பிட உக்காந்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி தலையைத் தூக்கினார். 'ம்' னார். அவ்வளவுதான். தட்டுல கை வெச்சபடியே..." அவள் சோளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "யாரு கூப்பிட்டாங்களோ."

நாங்கள் ஆற்றைக் கடந்தது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம். உச்சி வெயில் என்று எழுதியிருக்கிறேன்.

அவன் இடது தோள் இறங்கியிருந்தது. தெப்பக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். சுற்றிப் போய் முகத்தைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. மாமரம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன்தான் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் உயிர் வந்துவிடும், அதை நான் என் கணுக்காலில் உணர்ந்தவன். இங்கே இவன் எழுந்து அந்தப் பெண்ணிடம் தண்ணீர் கேட்பான். அங்கே மேட்டில் பசிலிசா மறுபடியும் உப்புத் தெரியாமல் படுத்துக்கொள்வாள். அவள் உயிரை இவன் பின்னாலேயே போகவிடாமல் யார் பிடிப்பது?

பெயர் என் நாக்கு வரைக்கும் வந்தது. தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன். நான் தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவந்த ஆளைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததால் அது கிறிஸ்புலோதான் என்று என்னால் சொல்ல முடியாது. யார் கேட்டாலும் முடியாது. படலைத் தாண்டியதும் நின்று, மெதுவாக, "தெயோதுலோ, இந்தாயோன். இங்க தங்கிடாத" என்று என்னையே கூப்பிட்டுக்கொண்டு லாரியில் ஏறினேன்.

பசிலிசா அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இருந்தாள். எர்லிந்தா கல்யாணமாகி ஹவாய் போனாள். அம்மாவைக் கூப்பிட்டாள். "விமானத்துல ரெண்டு சீட்டு எடுப்பியா?" என்று தாய் கேட்டாளாம், எர்லிந்தா பேச்சை மாற்றிவிட்டாளாம். பசிலிசா போகவில்லை. பூண்டு உரித்தாள், என் பேரன் பேத்திகளைத் திட்டி வளர்த்தாள், என் சிமெண்ட் தரையில் விரிசல் விட்ட அன்று ஊரைக் கூட்டிக் காட்டினாள். தினமும் இரண்டு தட்டு வைப்பாள். எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குச் சோறு வைப்பது வழக்கம்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு மூலையில் வைப்போம். அவள் எதிரே வைத்தாள்.

அடுத்த கணக்கெடுப்புக்கும் ஜொவெலின்தான் வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். நானே அவளை வீடு வீடாகக் கூட்டிப் போனேன். பசிலிசாவின் வாசலில் கால் வைக்கத் தயங்கி, என் முதுகுக்குப் பின்னால் நின்றே கேட்டாள்.

"மனாங், வீட்டுல எத்தனை பேர்?"

"போன தடவை பொறுன்னு சொன்னேன்ல. இப்ப எழுதிக்கோ. ரெண்டு."

ஜொவெலின் என்னைப் பார்த்தாள். நான் வாசல்படியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தேன்.

"கப்பித்தான், என்ன எழுதட்டும்?"

"அவ வீடு, அவ சொல்றதை எழுது" என்றேன். "தெப்பத்தைத் தள்ளினது நான்தான்."

என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. முனிசிபல் பலகையில் அந்த முறையும் எண் ஏறவில்லை.

"வெயில்ல நிக்காதீங்க, மனோங், உள்ள வாங்க" என்றாள் பசிலிசா. உள்ளே மேசையில் கைப்பிடி உடைந்த குவளை, நிறையத் தண்ணீரோடு இருந்தது. களைப்பில் நான் கிட்டே இருந்த நாற்காலியை இழுத்தேன்.

"அது வேணாம்" என்றாள். "இந்தப் பக்கம் உக்காருங்க."

நான் மாறி உட்கார்ந்தேன்.